ஜார்ஜ் முல்லர்

ஜார்ஜ் முல்லர் (செப்டம்பர் 27, 1805 – மார்ச் 10, 1898) பிரசியாவில் பிறந்து இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பணியாற்றிய கிறித்தவப் போதகரும் அநாதை இல்லங்களின் நிறுவனரும் ஆவார். எவரிடமும் பணம் கேட்காமலும் கடன் வாங்காமலும், இறைவேண்டலை மட்டுமே நம்பி 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பராமரித்தவர் என்றே இவர் பரவலாக அறியப்படுகிறார். திருச்சபைக்கு வரும் காணிக்கையை எவ்வாறு பெறுவது, எவ்வாறு கணக்குக் காட்டுவது என்பதில் இவர் வகுத்துக்கொண்ட நடைமுறைகளும் அதே அளவு கவனிக்கத்தக்கவை. இளமையில் பிறர் பணத்தைத் திருடும் பழக்கம் உடையவராக இவர் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவருடைய வரலாறு முழுமை பெறும்.

பிறப்பும் இளமையும்

முல்லர் பிரசியாவில் ஹால்பர்ஸ்டாட் நகருக்கு அருகிலுள்ள குரோப்பன்ஸ்டெட் என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருடைய தந்தை அரசுக்காகத் தீர்வை வசூலிக்கும் பணியில் இருந்தார். அதனால் அரசுப் பணம் வீட்டிலேயே வைக்கப்பட்டிருந்தது. பத்து வயது நிறைவதற்கு முன்பே முல்லர் அப்பணத்திலிருந்து பலமுறை எடுத்துக்கொண்டார். கணக்கில் குறையும் பணத்தைத் தந்தை தம் கையிலிருந்து ஈடுசெய்ய வேண்டியிருந்தது. ஐயம் கொண்ட தந்தை, ஒரு சிறு தொகையை எண்ணி முல்லர் இருந்த அறையில் வைத்துவிட்டு வெளியே சென்றார். திரும்பி வந்து எண்ணியபோது தொகை குறைந்திருந்தது. சோதித்ததில், காணாமற்போன காசு மகனுடைய காலணிக்குள் இருந்தது. தண்டனை கிடைத்தது, பழக்கம் மாறவில்லை.

முல்லருக்கு 14 வயதானபோது தாய் இறந்தார். தாயின் நிலை அறியாத முல்லர் அன்றிரவு சீட்டாடிக் கொண்டிருந்தார். லூத்தரன் திருச்சபையின் வழக்கப்படி நடைபெறும் திடப்படுத்தல் சடங்கின்போது, குருவிடம் கொடுக்குமாறு தந்தை தந்த கட்டணத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் கொடுத்துவிட்டு எஞ்சியதைத் தாமே வைத்துக்கொண்டார். 1821 டிசம்பரில், விடுதிகளில் தங்கிவிட்டுப் பணம் செலுத்தாமல் தப்ப முயன்றதற்காக வோல்ஃபன்பியூட்டல் நகரில் சிறையில் அடைக்கப்பட்டார். தந்தை பணம் அனுப்பிய பின்னர், 1822 சனவரியில் விடுதலையானார். நோர்டுஹவுசன் பள்ளியில் படித்தபோது, செலவழித்துவிட்ட பணம் திருடுபோய்விட்டதாக நம்பவைக்கத் தம் பெட்டியின் பூட்டைத் தாமே உடைத்து நாடகமாடினார். நண்பர்கள் இரக்கப்பட்டுப் பணம் திரட்டிக் கொடுத்தனர்.

இத்தனையையும் முல்லர் பிற்காலத்தில் தம் நூலில் தாமே எழுதி வெளியிட்டார். நன்கொடையாளர்களின் நம்பிக்கையை மட்டுமே நம்பியிருந்த ஒருவர் இவற்றை மறைத்திருந்தால் அதிலே வியப்பேதும் இல்லை. அவர் மறைக்கவில்லை.

ஹாலே

தந்தையின் விருப்பப்படி முல்லர் 1825-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் இறையியல் பயிலச் சேர்ந்தார். வசதியான ஒரு திருச்சபையில் குருவாக அமர்ந்து நிலையான வருமானம் பெறுவதே நோக்கமாக இருந்தது. அவ்வாண்டு நண்பர்களுடன் சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா சென்றார். கடவுச்சீட்டு பெறுவதற்காகப் பெற்றோர் எழுதியது போன்ற பொய்க் கடிதங்கள் தயாரிக்கப்பட்டன. பொதுப்பணம் முல்லர் கையில் இருந்தது. நண்பர்கள் ஒவ்வொருவருக்கும் ஆன செலவில் மூன்றில் இரண்டு பங்கே தமக்கு ஆகுமாறு அவர் கணக்கை அமைத்துக்கொண்டார்.

1825 நவம்பரில் நண்பர் ஒருவர் இவரை ஒரு வணிகரின் இல்லத்தில் நடந்த சிறு இறைவேண்டல் கூட்டத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒருவர் முழங்காலில் நின்று வேண்டியதைக் கண்டதே தம் மனமாற்றத்தின் தொடக்கம் என்று முல்லர் கருதினார்.

ஹாலேயில் அவர் சிறிது காலம், ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே நிறுவிய அநாதை இல்லத்தில் ஏழை மாணவர்களுக்கென ஒதுக்கப்பட்ட அறையில் தங்கினார். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு இதே ஹாலேயில் பயின்றவர். தரங்கம்பாடியிலிருந்து சென்ற மடல்களும் பணி விவரங்களும் ஹாலேயில் அச்சிடப்பட்டு ஆதரவாளர்களுக்கு அனுப்பப்பட்டு வந்தன. நன்கொடை கொடுத்தவருக்கு அச்சிட்ட அறிக்கை தரும் வழக்கம் இவ்வாறு அந்நகரில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வேரூன்றியிருந்தது.

டின்மத்தில் இருக்கை வாடகை ஒழிப்பு

முல்லர் 1829 மார்ச்சில் யூதர்களிடையே பணியாற்றும் ஒரு சங்கத்தின் பயிற்சிக்காக இலண்டன் வந்தார். உடல்நலம் குன்றியதால் இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள டின்மத்துக்குச் சென்றபோது ஹென்றி கிரெய்க் என்பவருடன் நட்பு ஏற்பட்டது. இந்நட்பு 1866-இல் கிரெய்க் இறக்கும் வரை நீடித்தது. 1830-இல் சங்கத்தை விட்டு விலகிய முல்லர் டின்மத்தின் எபனேசர் சிற்றாலயத்தில் போதகரானார். ஆண்டுச் சம்பளம் 55 பவுண்டு. (அக்காலத்தில் ஒரு பவுண்டு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங் 12 பென்னி.)

அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று மேரி குரோவ்ஸ் என்பவரை மணந்தார். மேரியின் சகோதரர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ், வருமானம் மிகுந்த பல் மருத்துவத் தொழிலைக் கைவிட்டுப் பாக்தாதுக்கும் பின்னர் இந்தியாவுக்கும் ஊழியம் செய்யச் சென்றவர். உடைமைகளைத் துறத்தல் பற்றி அவர் எழுதிய சிறுநூல் முல்லரைப் பெரிதும் பாதித்தது.

திருமணமான சில வாரங்களில் முல்லர் தம் சம்பளத்தை வேண்டாமென்று அறிவித்தார். அச்சம்பளம் வந்த வழியே இதற்குக் காரணமாகும். அந்நாளைய இங்கிலாந்தின் ஆலயங்கள் பலவற்றில் அமரும் இருக்கைகள் வாடகைக்கு விடப்பட்டன. பணம் படைத்தோர் நல்ல இடங்களைக் குடும்பத்துக்கென ஒதுக்கிக்கொள்வர். ஏழைகளுக்குப் பின்வரிசையோ ஒதுக்குப்புறமோதான் கிடைக்கும். இவ்வாடகையே போதகரின் சம்பளமாகியது. செல்வருக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தாழ்ந்த இடமும் கொடுப்பதைக் கண்டிக்கும் யாக்கோபு நிருபத்தின் பகுதி முல்லரின் முதற் காரணம். தவணை நாள் வந்துவிட்டதே என்று மனமின்றிக் கொடுக்கும் பணம் காணிக்கை ஆகாது என்பது அடுத்தது. வாடகை கொடுப்பவர் மனம் நோகுமோ என்று போதகரே உண்மையைச் சொல்லத் தயங்கும் நிலை வரும் என்பது மூன்றாவது. இம்மூன்றாம் காரணம் இருக்கை வாடகை மறைந்துவிட்ட இடங்களுக்கும் பொருந்தக் கூடியதே.

வாடகைக்கு மாற்றாக ஆலயத்தில் ஒரு பெட்டி வைக்கப்பட்டது. போதகருக்குக் கொடுக்க விரும்புவோர் அதில் இடலாம். யார் எவ்வளவு இட்டார் என்பது எவருக்கும் தெரியாது. ஆனால் பெட்டியைத் திறக்கும் பொறுப்பில் இருந்தவர் அதைப் பல வாரங்கள் திறக்காமலே விட்டுவிடுவதும் உண்டு. வீட்டில் உணவுக்கே பணமில்லாத நாட்களிலும், பெட்டியைத் திறக்குமாறு நினைவூட்டுவதில்லை என்று முல்லர் உறுதியாக இருந்தார். நினைவூட்டுவதும் கேட்பதற்குச் சமம் என்பது அவர் கருத்து. சம்பளத்தைத் துறந்த முதல் ஆண்டில் பழைய சம்பளத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலாக அவருக்குக் கிடைத்தது. தமக்கு ஒவ்வோர் ஆண்டும் வந்த தொகையைப் பவுண்டு, ஷில்லிங், பென்னி வரை குறித்துப் பின்னர் நூலாக வெளியிட்டார்.

பிரிஸ்டல்

1832-இல் முல்லரும் கிரெய்க்கும் பிரிஸ்டலுக்குச் சென்று கிதியோன், பெதஸ்தா ஆகிய இரு சிற்றாலயங்களில் பணியேற்றனர். நிலையான சம்பளமோ இருக்கை வாடகையோ கூடாது என்பதே நிபந்தனை. பெதஸ்தா சபை அவ்வாண்டு ஆகஸ்டில் ஏழு பேருடன் தொடங்கியது. 1841-இல், தங்கள் பெயர் எழுதப்பட்டிருந்த காணிக்கைப் பெட்டிகளையும் இருவரும் அகற்றினர். பெயர் எழுதிய பெட்டி, தங்களை மற்ற விசுவாசிகளைவிட உயர்த்திக் காட்டுவதாக அவர்கள் எண்ணினர். 1848-இல் ஜான் நெல்சன் டார்பியுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் பிளிமத் சகோதரர் இயக்கம் இரண்டாகப் பிரிந்தபோது, பெதஸ்தா சபை திறந்த சகோதரர் பிரிவின் பக்கம் நின்றது.

1834 மார்ச் 5 அன்று இருவரும் வேதாகம அறிவு நிறுவனத்தைத் தொடங்கினர. பள்ளிகளுக்கும் வேதாகம விநியோகத்திற்கும் ஊழியர்களுக்கும் உதவுவது இதன் நோக்கம். உயர்குடியினரைப் புரவலராக அமர்த்தி அவர்கள் பெயரால் பணம் திரட்டுவதில்லை, கடன் வாங்குவதில்லை, திரண்ட பணத்தின் அளவை வெற்றியின் அளவாகக் கொள்வதில்லை என்பன இதன் விதிகளுள் சில. புரவலர் பெயர்ப் பட்டியல் இல்லாமல் எந்தச் சங்கமும் இயங்காத அக்காலத்தில் இது வழக்கத்துக்கு மாறானது.

அநாதை இல்லங்கள்

1835 நவம்பரில் ஃபிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோது அநாதை இல்லம் தொடங்கும் எண்ணம் முல்லருக்கு உறுதியானது. டிசம்பரில் நடந்த பொதுக்கூட்டத்தில் திட்டத்தை விளக்கினார். வேண்டுமென்றே காணிக்கை எடுக்கவில்லை. கூட்டம் முடிந்தபின் ஒருவர் 10 ஷில்லிங் கொடுத்தார். அடுத்த நாட்களில் வந்தவற்றுள் 28 தட்டுகளும் 4 கத்திகளும் 5 முட்கரண்டிகளும் அடங்கும். அவை எல்லாம் எண்ணிக்கையுடன் பதிவு செய்யப்பட்டு அச்சில் வந்தன.

அத்தொடக்க நாட்களில் ஏழைத் தையற்காரி ஒருவர் 100 பவுண்டு கொண்டுவந்து கொடுத்தார். தைத்து வாரத்துக்குச் சில ஷில்லிங்குகளே ஈட்டிய, நோயாளியான பெண் அவர். முல்லர் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அப்பெண்ணை நேரில் சந்தித்து, உணர்ச்சிவயப்பட்டுக் கொடுக்கிறாரா, பின்னர் வருந்துவாரா என்று விசாரித்தார். 480 பவுண்டு மரபுரிமையாக வந்ததையும், இறந்த தந்தையின் கடன்களை அதிலிருந்து அடைத்ததையும், தாய்க்கு ஒரு பங்கு கொடுத்ததையும் அறிந்து, அவருடைய உறுதியைக் கண்ட பின்னரே பெற்றுக்கொண்டார். அறிக்கைகளில் அப்பெண் இரண்டு எழுத்துகளால் மட்டுமே குறிக்கப்பட்டார்.

1836 ஏப்ரல் 11 அன்று வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் 30 பெண் குழந்தைகளுக்கான முதல் இல்லம் திறக்கப்பட்டது. காலப்போக்கில் அதே தெருவில் நான்கு வீடுகள் இயங்கின. குழந்தைகளின் இரைச்சலால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை என்று 1845 அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. கடிதம் எழுதியவர் பண்பாகவே எழுதியிருந்தார். முல்லரும் அது நியாயம் என ஒப்புக்கொண்டு, நகருக்கு வெளியே சொந்தக் கட்டடம் எழுப்ப முடிவு செய்தார். ஆஷ்லி டவுன் மேட்டில் 1849-இல் 300 குழந்தைகளுக்கான முதற் கட்டடம் திறக்கப்பட்டது. 1857, 1862, 1868, 1870 ஆகிய ஆண்டுகளில் மேலும் நான்கு கட்டடங்கள் எழுந்தன. ஐந்திலும் சேர்த்து 2,050 குழந்தைகள் தங்க இடமிருந்தது. போதிய பணம் கைக்கு வந்து சேரும் வரை கட்டட வேலை தொடங்கப்படவில்லை.

கணக்கு முறை

உணவு மேசையில் ஒன்றுமில்லாத காலையில் ரொட்டிக்காரரும் பால்காரரும் கதவைத் தட்டிய கதை முல்லரைப் பற்றிப் பலரும் கேட்டதாகும். ஆனால் அவருடைய பணியை நிலைநிறுத்தியதில் பெரும்பங்கு வகித்தது அலுப்பூட்டும் அளவுக்குச் சீரான ஒரு கணக்கு முறையே எனலாம்.

வரும் தொகை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடப்பட்டது. கொடுத்தவருக்கு அந்த எண்ணுடன் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. ஆண்டறிக்கையில் நன்கொடையாளரின் பெயர் இராது. எண்ணோ முதலெழுத்தோ மட்டும், தொகையுடன் அச்சிடப்படும். எனவே கொடுத்தவர் தம் சீட்டை எடுத்து, தம் பணம் கணக்கில் சேர்ந்ததா என்று தாமே சரிபார்க்கலாம். அவர் யார் என்று வேறெவரும் அறிய இயலாது. பெயரைப் பலகையில் பொறிக்கும் வழக்கத்தில் புகழ் கிடைக்கும், கணக்கு கிடைக்காது. இங்கே நிலைமை நேர்மாறாக இருந்தது. பென்னியில் நான்கிலொரு பங்கான ஃபார்திங் கூட இப்பட்டியல்களில் விடுபடவில்லை. குறிப்பிட்ட நோக்கத்திற்கென வந்த பணம் அந்நோக்கத்திற்கே செலவிடப்பட்டது. கணக்குகளைப் பிறர் தணிக்கை செய்தனர். இல்லங்களைக் குறிப்பிட்ட நாட்களில் பொதுமக்கள் பார்வையிடலாம். சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1857 நவம்பரில் முல்லரின் இல்லங்களைப் பற்றிய விரிவான கட்டுரை வெளிவந்தது.

கடன் என்னும் சொல்லுக்கு முல்லர் கொடுத்த பொருள் மிகக் கண்டிப்பானது. ரொட்டிக்கும் பாலுக்கும் வார முடிவில் பணம் கொடுப்பது ஊர் வழக்கம். வார முடிவில் பணம் இல்லாவிட்டால் கடைக்காரர் பாதிக்கப்படுவாரே என்று கருதி, அன்றன்று வாங்குவதற்கு அன்றன்றே கொடுக்கும் முறைக்கு மாறினார்.

இம்முறையில் குறைகளும் உண்டு. கணக்கு திறந்திருந்ததே தவிர, முடிவெடுக்கும் அதிகாரம் ஏறத்தாழ ஒருவரிடமே இருந்தது. முல்லருக்குப் பின் அப்பொறுப்பு, அவருடைய மகள் லிடியாவை மணந்த ஜேம்ஸ் ரைட்டிடம் சென்றது. ரைட் நல்ல நிர்வாகியாக விளங்கினார் என்பது உண்மை. ஆயினும், நிறுவனரின் நேர்மையையே பெரிதும் நம்பிய ஓர் அமைப்பு இது.

அறிக்கையும் வேண்டுகோளும்

அச்சிட்டுப் பரப்பும் ஆண்டறிக்கையே மறைமுகமான வேண்டுகோள்தானே என்ற விமர்சனம் முல்லரின் காலத்திலேயே எழுந்தது. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. எத்தனை குழந்தைகள், எவ்வளவு செலவு, எத்தனை நாட்கள் கையில் காசின்றி விடிந்தன என்று படிப்பவர் மனம் இளகிப் பணம் அனுப்புவது இயல்பே. அறிக்கை வெளியிடாவிட்டாலோ, பணம் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு விடை இராது.

முல்லர் கண்ட வழி, கடந்த கால நெருக்கடிகளை எழுதுவது, நிகழ்கால நெருக்கடியைச் சொல்லாதிருப்பது என்பதாகும். 1841 டிசம்பரில் இதற்குச் சோதனை வந்தது. வழக்கமான பொதுக்கூட்டமும் அறிக்கையும் வர வேண்டிய நேரத்தில் நிதி அடிமட்டத்தில் இருந்தது. அப்போது கூட்டம் நடத்தினால் பணம் வரும் என்பது வெளிப்படை. அதனாலேயே கூட்டத்தையும் அறிக்கையையும் ஒத்திவைத்தார்கள். அடுத்த சில மாதங்கள் இல்லங்களின் வரலாற்றிலேயே மிகக் கடினமானவை.

அக்காலத்தை ஒட்டியே, பெருந்தொகை கொடுக்கக் கூடிய ஒருவர், நிறுவனத்துக்கு இப்போது பணத்தேவை உண்டா என்று கடிதம் எழுதிக் கேட்டார். கையில் சில பென்னிகளே இருந்தன. நிதி நிலையைப் பற்றித் தாம் எதுவும் கூற இயலாது என்று முல்லர் பதில் எழுதினார். அவர் 100 பவுண்டு அனுப்பினார். கேட்டவருக்கு உண்மை நிலையைச் சொல்ல மறுப்பதும் ஒளிவுமறைவுதானே என்று வாதிடுவோர் உண்டு. கணக்கு ஆண்டுக்கொருமுறை அனைவருக்கும் பொதுவாக வெளிவரும், தனியொருவருக்கு முன்கூட்டி வெளிவராது என்பதே முல்லரின் நடைமுறையாக இருந்தது.

தசமபாகம் பற்றிய கருத்து

வருமானத்தில் பத்திலொரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுப்பது கிறித்தவர் மீது சுமத்தப்பட்ட சட்டமன்று என்று முல்லர் கருதினார். ஆனால் ஒழுங்கின்றி, மனம் நெகிழும்போது மட்டும் கொடுப்பதையும் அவர் ஏற்கவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் உள்ளபடி, வருவாய்க்கு ஏற்ற ஒரு விகிதத்தை முறையாக ஒதுக்க வேண்டும். பத்திலொன்றில் தொடங்கியவர் வளம் பெருகும்போது ஐந்திலொன்று, மூன்றிலொன்று என உயர்த்திச் செல்லலாம் என்றார். கடன்பட்டிருப்பவர் காணிக்கைக்கு முன் கடனை அடைக்க வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தார். 1850-களில் முல்லருக்கும் அவர் குடும்பத்துக்கும் எதிர்காலப் பாதுகாப்பு நிதியொன்றைத் தொடங்க ஒருவர் 100 பவுண்டு அளிக்க முன்வந்தபோது அதனை ஏற்க மறுத்துவிட்டார்.

பயணங்களும் மறைவும்

மேரி 1870 பிப்ரவரியில் காலமானார். அடுத்த ஆண்டு முல்லர் சுசன்னா சாங்கர் என்பவரை மணந்தார். 1875 முதல் 1892 வரை இருவரும் 42 நாடுகளில் பயணம் செய்தனர். 1883–84-இல், 78-ஆம் வயதில், முல்லர் இந்தியாவுக்கு வந்தார்.

1898 மார்ச் 10 காலை, மூன்றாம் இல்லத்தில் தம் அறையில் முல்லர் இறந்து கிடந்தார். பிரிஸ்டலின் ஆர்னோஸ் வேல் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கைவழியாக வாழ்நாளில் சென்ற தொகை ஏறத்தாழ 15 இலட்சம் பவுண்டு. அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு 160 பவுண்டு 9 ஷில்லிங் 4 பென்னி. அதில் நூல்களும் தட்டுமுட்டுப் பொருள்களும் போக, பணமாக இருந்தது 60 பவுண்டுக்குச் சற்று மேல்.

ஆண்டறிக்கைகளில் பல ஆண்டுகளாக ஒரு நன்கொடையாளர், பரலோகத்தில் பொக்கிஷம் சேர்க்க விரும்பும் ஆண்டவரின் ஊழியர் என்ற பொருள்படும் குறிப்புடன் இடம்பெற்று வந்தார். அவர் முல்லரே. தமக்கென்று தனிப்பட வந்த பணத்திலிருந்து அவர் இவ்வாறு கொடுத்தது 81,000 பவுண்டுக்கும் அதிகம் என்று பின்னர் கூட்டிப் பார்த்தபோது தெரியவந்தது.

தமிழ்நாட்டுத் தொடர்பு

முல்லரின் மைத்துனர் குரோவ்ஸ் 1830-களில் சென்னைக்கும் பின்னர் சித்தூருக்கும் வந்து பணியாற்றினார். அவருடன் பழகிய ஜான் கிறிஸ்டியான் அருளப்பன், அயல்நாட்டுச் சங்கங்களின் சம்பளத்தை ஏற்காமல் ஊழியம் செய்து, 1840-இல் கிறிஸ்டியான்பேட்டை என்னும் குடியிருப்பை நிறுவினார். திருநெல்வேலிப் பகுதியில் டோனாவூர் இல்லத்தை நடத்திய ஏமி கார்மைக்கேலும் பணத்துக்காக வேண்டுகோள் விடுப்பதில்லை என்ற முல்லரின் வழியைப் பின்பற்றியவர்.

ஆஷ்லி டவுன் கட்டடங்கள் 1958-இல் பிரிஸ்டல் நகராட்சிக்கு விற்கப்பட்டன. குழந்தைகள் அதற்கு முன்பே சிறு குடும்ப இல்லங்களுக்கு மாற்றப்படத் தொடங்கியிருந்தனர்.